ஸ்கிராட்ச் ஆசிரியர் குழுக்களில் ஆறு வருடம்: என் அனுபவம்

ஆறாவது முதல் எட்டாவது வரை கம்ப்யூட்டர் எடுக்கிறேன். ஸ்கிராட்ச் என்பது கட்டளைக் கட்டங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிள்ளைகளே விளையாட்டு செய்யும் புரோகிராமிங் மென்பொருள். அதன் 3.0 பதிப்பு வந்த 2019-இல்தான் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன், அந்த வருடமே ஃபேஸ்புக்கில் 'டீச்சிங் வித் ஸ்கிராட்ச்' குழுவிலும் சேர்ந்தேன்.

முதல் வருடம் முழுக்கப் பாடத்திட்டங்களை டவுன்லோட் செய்ததுதான் மிச்சம். நாற்பது நிமிட பீரியட், ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பிள்ளைகள், நெட் இருந்தால் இருக்கும். அந்தப் பாடத்திட்டங்களில் பெரும்பாலானவை என் வகுப்புக்கு ஒத்துவரவில்லை.

குழுவின் அருமை தெரிந்தது ஒரு பூனையால். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி புதிர்ப்பாதை விளையாட்டு செய்தாள், பூனை சுவருக்குள் புகுந்து போய்க்கொண்டே இருந்தது. "மிஸ், அதுக்குச் சுவரே தெரியல" என்றாள். சுவரின் நிறத்தைத் தொடுகிறதா என்று பார்க்கும் 'இஃப்' கட்டத்தை, திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் 'ஃபாரெவர்' கட்டம் இல்லாமல், விளையாட்டைத் தொடங்கும் பச்சைக் கொடிக்குக் கீழே நேராக ஒட்டியிருந்தாள். மவுஸை வாங்கி நானே சரிசெய்திருப்பேன், பெல் அடித்துவிட்டது. அன்று இரவு அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். காலையில் ஒரு ஆசிரியரின் பதில் வந்திருந்தது: மவுஸைத் தொடாதீர்கள், பூனை எத்தனை தடவை சுவரைப் பார்க்கும் என்று மட்டும் கேளுங்கள். அப்படியே கேட்டேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள், அப்புறம் "கொடியை அழுத்தும்போது ஒரே ஒரு தடவை" என்று சொல்லிக்கொண்டே ஆரஞ்சு 'ஃபாரெவர்' கட்டத்தை இழுத்து வந்து மாட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகு நான் பாடத்திட்டம் தேடுவதில்லை, மற்ற ஆசிரியர்களின் வகுப்பில் வந்த தவறுகளைத்தான் தேடுகிறேன். ஹார்வர்டின் ஸ்கிராட்ச் வழிகாட்டியில் வேண்டுமென்றே பிழையோடு கொடுத்திருக்கும் 'டீபக் இட்' பயிற்சிகளும் குழுவுக்குப் போய்த்தான் தெரிந்தது. அவற்றை வருடா வருடம் தருகிறேன்.

குறைகளும் உண்டு. நான் சேர்ந்து பார்த்த வேறு சில குழுக்களில் விளம்பரத்துக்கு நடுவே கேள்விகள் காணாமல் போகின்றன, சிலர் பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் போடுகிறார்கள், அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. எல்லாம் ஆங்கிலத்தில் என்பதால் கேட்கத் தயங்கும் நம் ஆசிரியர்கள் நிறைய. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே ஸ்கிராட்ச் இருக்கிறது, அதைத் தமிழில் பேச இடம் வேண்டாமா? நாங்கள் நாலு பேர் வாட்ஸ்அப்பில் ஆரம்பித்திருக்கிறோம். படம் அனுப்புவதில்லை, பிள்ளை செய்ததை ஸ்கிராட்ச் சேமிக்கும் எஸ்பி3 ஃபைலையே அனுப்புகிறோம். நெட் இல்லாத லேபிலும் ஆஃப்லைன் ஸ்கிராட்ச்சில் திறந்து, ஓட்டிப் பார்த்துப் பேசலாம்.