வாட்ச் கேஸ் ஜாப் ஒர்க் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: சாம்பிள் ஒன்று, லாட் வேறு

சொந்த பிராண்டில் சின்ன அளவில் கைக்கடிகாரம் செய்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். 316 எல் ஸ்டீலில் (ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகை) 50 கேஸ் (கடிகாரத்தின் வெளிக்கூடு) வேண்டும் என்று ஒரு சி.என்.சி. (கணினி வழி இயங்கும் எந்திர) பட்டறையில் ஆர்டர் போட்டோம். 39 மி.மீ. விட்டம், உள்ளே என்.எச்.35 மூவ்மென்ட் (கடிகாரத்தை ஓட்டும் இயந்திரம்), 10 பார் நீர் அழுத்தம் தாங்க வேண்டும். சாம்பிள் அருமையாக வந்தது. அதை நம்பி 70 சதவீதத் தொகையைக் கொடுத்தோம். பிறகு வந்த லாட்டில் (மொத்தச் சரக்கில்) ஒன்றைக்கூட விற்க முடியாது.

முதலில் மெட்டீரியல். பாலிஷ் போட்ட பரப்பில் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தால் ராடின் (கேஸ் வெட்டியெடுத்த உலோகத் தண்டின்) நீளவாக்கில் மெல்லிய கோடுகள். உப்புத்தண்ணீர்த் துணியைச் சுற்றி வைத்தால் ஸ்பிரிங் பார் (கைப்பட்டையைப் பிடிக்கும் ஊசி) துளையோரம் பழுப்புப் புள்ளிகள். லேபில் ஸ்பெக்ட்ரோ (உலோகத்தில் எது எவ்வளவு என்று காட்டும் சோதனை) எடுத்தோம். 316 எல் என்றால் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்க வேண்டும். இதில் பேருக்குக்கூட இல்லை. கந்தகம் 0.15 சதவீதத்துக்கு மேல். அதாவது 303 என்ற வேறு ஸ்டீல். காரணம் எளிது: 316 எல் வெட்டும்போது சுருள் நீளமாக வந்து டூலைச் சுற்றிக்கொள்ளும், டூல் உரசினால் அந்த இடம் இறுகிப்போகும். 303இல் கந்தகம் இருப்பதால் சுருள் பொடிப்பொடியாக உடையும், டூலும் மிச்சம். அந்தக் கந்தகம் மாங்கனீசோடு சேர்ந்து நிற்கும் இடங்களைத்தான் வியர்வை முதலில் அரிக்கும். கேட்டதற்கு வந்த பதில்: "எல்லாமே எஸ்.எஸ். தானே சார்." காந்தம் வைத்துப் பார்த்து இதைப் பிடிக்க முடியாது; 303, 304, 316 மூன்றுமே பெரும்பாலும் ஒட்டாது.

இதைவிட மோசம் கிரௌன் (சாவி கொடுக்கும் திருகு) துளை. அதன் உயரத்தை மூவ்மென்ட் உட்காரும் படியிலிருந்து அளந்து போட வேண்டும். இவர்கள் அடிப்பரப்பை ஆதாரமாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பரப்போ ஒவ்வொரு பீஸிலும் வெவ்வேறு அளவு வெட்டுப்பட்டிருக்கிறது. போதாக்குறைக்கு, வளைந்த பக்கவாட்டில் ஸ்பாட் டிரில் (டிரில் விலகாமல் இருக்க முதலில் போடும் சிறு குழி) போடாமல் நேராகத் துளைத்ததால் டிரில் விலகி ஓடியிருக்கிறது. பல பீஸ்களில் 0.15 மி.மீ. இறக்கம். பார்வைக்குத் தெரியாது. ஆனால் ஸ்டெம் (கிரௌனை மூவ்மென்டோடு இணைக்கும் தண்டு) வளைந்து நின்று சாவி கொடுக்கும்போது இறுகும், நேரம் மாற்றும் பற்சக்கரங்கள் தேயும், கிரௌனுக்குள் இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஒரு பக்கமாக நசுங்கி அந்த வழியாகவே தண்ணீர் இறங்கும். துளையில் பின் கேஜ் (துல்லிய அளவுள்ள ஊசி) செருகி, படியிலிருந்து அதன் உயரத்தை அளந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கண்ணாடியில் நடந்தது அப்பட்டமான ஏமாற்று. சஃபையர் உட்காரும் பள்ளம் 0.05 மி.மீ. பெரிதாகிவிட்டது, கேஸ்கெட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் வளையம்) பிடிக்கவில்லை. அதைச் சொல்லாமல் யு.வி. பசை போட்டு ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். உலர் காற்றுச் சோதனையில் அது தேறியும்விடும். யு.வி. டார்ச் அடித்தபோது விளிம்பு நெடுக நீலமாக ஒளிர்ந்தது.

லக் (கைப்பட்டை மாட்டும் கொம்பு) முனைகளை பஃப் வீலில் கொடுத்து மழுக்கிவிட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிராயிங்கில் இருந்த கூரான சாய்வு விளிம்பு எதிலும் மிஞ்சவில்லை.

ஆகவே ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்: 3.1 வகை டெஸ்ட் சர்டிஃபிகேட் (ஸ்டீல் தயாரித்தவர் தரும் சோதனைச் சான்று), அதில் உள்ள ஹீட் நம்பர் (உருக்கிய தொகுதியின் எண்) ராடில் அடித்திருக்கும் எண்ணோடு ஒத்திருக்க வேண்டும், அதே ராடிலிருந்து 20 மி.மீ. துண்டு உங்கள் கைக்கு வர வேண்டும். சாம்பிளை மட்டும் சோதித்துப் பயனில்லை. லாட்டிலிருந்து நீங்களே எடுக்கும் 5 பீஸை எக்ஸ்.ஆர்.எஃப். கருவியில் (எக்ஸ்-ரே மூலம் உலோகக் கலவையைக் காட்டுவது) காட்டுங்கள். கண்ணாடிப் பள்ளத்துக்கும் கிரௌன் துளைக்கும் கோ, நோ-கோ கேஜ் (ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது என்ற அளவுகோல்) நீங்களே செய்து கொடுங்கள். அளவெல்லாம் பாலிஷுக்குப் பிறகு எடுத்ததாக இருக்கட்டும். அழுத்தச் சோதனை ஒவ்வொரு பீஸுக்கும் வேண்டும். தண்ணீரில் சோதித்த கேஸை 40 டிகிரிக்கு மேல் சூடாக்கி, கண்ணாடி மேல் குளிர்ந்த நீர்த்துளியை ஒரு நிமிடம் வைத்துத் துடைத்துப் பாருங்கள். உள்ளே பனித்தால் கசிவு. 40 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வேண்டாம்.

இப்படிப்பட்ட லாட் ஏற்கெனவே வந்துவிட்டதென்றால், பள்ளம் பெரிதானதை மட்டும் தடித்த கேஸ்கெட் போட்டுச் சரிசெய்யப் பார்க்கலாம். துளை இறங்கியதை பெரிய டியூப் (கிரௌன் துளையில் பொருத்தும் குழாய்) போட்டுச் சரிக்கட்டுவது 10 பாருக்கு நம்பகமில்லை. 303இல் செய்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.