முடிந்த கதையா என்று பார்த்து வாங்குங்கள்: சில சூப்பர்ஹீரோ தொகுப்புகள், சில ஸ்டார் வார்ஸ், ஸ்டார் ட்ரெக் நாவல்கள்

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருந்துகொண்டு அமெரிக்க கிராஃபிக் நாவல் படிக்கிறவருக்குப் பெரிய எரிச்சல் தொடர்ச்சிதான். ஒன்றாம் பாகம் கூரியரில் வந்துவிடும். படித்த சூடு ஆறுவதற்குள் இரண்டாம் பாகத்தைத் தேடினால் ஸ்டாக் இல்லை என்று வரும், அல்லது யாரோ ஒருவர் மூன்று மடங்கு விலை போட்டு வைத்திருப்பார். நம் பக்கத்துக் கடை அடுக்குகளில் பாடநூலும் போட்டித் தேர்வுக் கையேடும் நிற்கிற அளவுக்கு இவை நிற்பதில்லை. புரட்டிப் பார்த்து வாங்க வழியில்லை. அதனால் இங்கே கதையின் தரத்தோடு இன்னும் இரண்டையும் சேர்த்தே எடைபோட்டிருக்கிறேன். அட்டைக்கு அட்டை கதை முடிகிறதா? படமோ சீரியலோ பார்க்காதவருக்கும் புரிகிறதா?

முதலில், பேட்மேன், சூப்பர்மேன் காமிக்ஸ்களை வெளியிடும் டிசி நிறுவனம் 2024-இல் தொடங்கிய காம்பாக்ட் வரிசை. 5.5-க்கு 8.5 அங்குலம், அமெரிக்காவில் 9.99 டாலர். பெரும்பாலும் முழுக் கதையையும் ஒரே புத்தகத்தில் அடக்கிவிடுகிறார்கள் என்பதுதான் இதன் பெரிய பலம். தனித்தனியாக வந்த காமிக்ஸ் இதழ்களைச் சேர்த்துக் கட்டும் வழக்கமான தொகுப்பு ஏறத்தாழ 6.6-க்கு 10.2 அங்குலம். ஆக, நீளமும் அகலமும் ஆறில் ஒரு பங்கு குறைகின்றன. வசன பலூனுக்குள் இருக்கும் எழுத்தும் அதே அளவு சிறுக்கிறது. நாற்பது வயதைத் தாண்டிய கண்ணுக்கு இது பெரிய விஷயம். பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்ற கணக்கில், கட்டம் நிறைய வசனத்தோடு போகும் 'வாட்ச்மென்' இந்த அளவில் கண்ணைப் படுத்தும். அதைப் பெரிய அளவிலேயே வாங்குங்கள். 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்' நேர்மாறு. ஃப்ராங்க் க்வைட்லியின் கட்டங்கள் அகலமானவை, வசனமும் சிக்கனம். பன்னிரண்டு இதழ்களும் ஒரே புத்தகத்தில் வருகின்றன, சிறிய அளவிலும் எதுவும் கெடவில்லை.

இந்த வரிசையில் ஒன்றே ஒன்று வாங்குவதானால் 'ஃபார் செக்டர்' வாங்குங்கள். எழுத்து என். கே. ஜெமிசின், ஓவியம் ஜமால் கேம்பல். 2016, 2017, 2018 என அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் அறிவியல் புனைகதைக்குத் தரும் ஹ்யூகோ விருதைச் சிறந்த நாவலுக்காக வாங்கியவர் ஜெமிசின். இந்தத் தொகுப்பு 2022-இல் கிராஃபிக் கதைக்கான ஹ்யூகோவை வாங்கியது. சக்தி மோதிரம் அணிந்து விண்வெளியைக் காவல் காக்கும் கிரீன் லான்டர்ன் வீரர்களின் கதை என்பது பெயருக்குத்தான். பூமியிலிருந்து வெகு தொலைவில் இருபது பில்லியன் பேர் வாழும் ஒரு நகரம். அங்கே ஐநூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கொலை. விசாரிக்க வருகிறவள் ஜோ மல்லின் என்ற இளம்பெண். அந்த நகரத்தில் மூன்று இனங்கள். மனிதரைப் போன்றவர்கள் ஒரு இனம், ஊன் தின்னும் செடி இனம் இன்னொன்று, கணினித் தரவாகவே வாழ்கிறவர்கள் மூன்றாவது. இவர்கள் ஒருவரையொருவர் அழித்துவிடக் கூடாதென்று எல்லாருடைய உணர்ச்சியையும் அடக்கிவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதை உடைத்து மறுபடி உணர்ச்சியைத் தரும் போதைமருந்து தெருவில் விற்கிறது.

இங்கேதான் ஜெமிசினின் கைவண்ணம். இந்த ஒரு ஏற்பாட்டை எடுத்துவிட்டால் கொலையும் இல்லை, அரசியலும் இல்லை, போராட்டமும் இல்லை. கதையின் ஒவ்வொரு முடிச்சும் அதிலிருந்தே பிறக்கிறது. மோதிரத்தையும் அவர் மாற்றியிருக்கிறார். மற்ற லான்டர்ன்களைப் போல விளக்கில் சார்ஜ் ஏற்ற வேண்டியதில்லை. ஜோவின் மோதிரம் தானே மெதுவாகச் சார்ஜ் ஏறும். சக்தி தீர்ந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். அதனால் எல்லாவற்றுக்கும் மோதிரத்தை நீட்டாமல் யோசித்து வேலை செய்யும் நாயகி நமக்குக் கிடைக்கிறாள். குறை என்றால், முதல் இரண்டு இதழ்களில் புதுப் பெயர்கள் சரமாரியாக வந்து விழும். மூன்று இனங்களின் பெயரை மட்டும் ஒரு துண்டுத்தாளில் குறித்து உள்ளே வைத்துக்கொண்டால் போதும், மற்றது தானாகப் பிடிபடும். கேம்பலின் நிறங்கள் பெரும்பாலும் கருநீலமும் ஊதாவும் பச்சையும். பகல் வெளிச்சத்தில் படித்தால்தான் முழுதாகத் தெரியும்.

பேட்மேன் கதையான 'கோர்ட் ஆஃப் அவுல்ஸ்' வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய பதிப்பின் ஒன்றாம் பாகத்தில் 1 முதல் 7 வரையான இதழ்கள்தான், கதை பாதியில் நிற்கும். காம்பாக்ட் பதிப்பில் 1 முதல் 11 வரை உண்டு. அட்டைப்படத்தை நம்பாதீர்கள், உள்ளே காப்புரிமைப் பக்கத்துப் பொடி எழுத்தில் எந்தெந்த இதழ்கள் அடங்கியிருக்கின்றன என்று அச்சிட்டிருப்பார்கள், அந்த எண்தான் கணக்கு. ஸ்காட் ஸ்னைடர் எழுதி கிரெக் கபுல்லோ வரைந்த இந்தக் கதையின் ஐந்தாம் இதழில் பேட்மேன் வழி தெரியாத ஒரு புதிர்ப்பாதைக்குள் சிக்கிப் புத்தி தடுமாறுகிறான். அவன் தடுமாறத் தடுமாறப் பக்கமும் திரும்புகிறது: முதலில் குறுக்காக, பிறகு தலைகீழாக. புத்தகத்தைக் கையில் சுழற்றித்தான் படிக்க வேண்டும், எந்தப் பக்கம் புரட்டுவது என்று நமக்கே குழம்பும். சிறிய அளவு இதற்கு வசதி. டேப்லெட்டில் படிக்கிறவர்கள் திரை தானாகத் திரும்புவதை நிறுத்திவிட்டு இந்த இதழைத் திறக்கவும். இல்லையென்றால் நாம் சுழற்றும்போதெல்லாம் பக்கம் நிமிர்ந்துகொண்டு முழு வித்தையும் வீணாகும்.

அதே ஸ்னைடர் நிக் டிராகோட்டாவுடன் சேர்ந்து 2024 அக்டோபரில் தொடங்கியது 'அப்சல்யூட் பேட்மேன்'. பணமும் மாளிகையும் இல்லாத, சொந்த உழைப்பில் நிற்கும் புரூஸ் வேய்ன். மார்பிலுள்ள வௌவால் சின்னத்தையே கழற்றிக் கோடரியாக வீசுகிறான். ஓவியத்தில் வேகம் அபாரம். முதல் தொகுப்பில் ஆறு இதழ்கள், ஆனால் கதை அங்கே முடியவில்லை. காத்திருக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

காம்பாக்ட் புத்தகங்கள் முதுகில் பசை போட்டு ஒட்டியவை. புதிதாக வந்ததும் நடுவில் பிளந்து அழுத்தினால் பசை விண்டு பக்கம் கழன்றுவிடும். முன்னால் பத்துப் பக்கம், பின்னால் பத்துப் பக்கம் என்று மாற்றி மாற்றி மெதுவாகத் தடவி நடுவுக்கு வாருங்கள். சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவைக்காதீர்கள், பசை இளகும். நம் செட்டிநாட்டு வளவு வீடுகளின் கனத்த சுண்ணாம்புச் சுவர் ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் குடிக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல்கடை தள்ளிப் போடுங்கள். வழவழப்பான தாள் நனைந்து அப்படியே காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் படமே உரிந்து வரும். நனைந்த உடனே பக்கங்களுக்கிடையே வெள்ளைத்தாள் வைத்து மின்விசிறிக் காற்றில் உலர்த்துவதுதான் வழி. இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டு போதும், ஆனால் துணியில் முடிந்து வையுங்கள், தாளில் கறை படியாது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துக் காத்த அச்சுப் பொருள்கள்தான் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அவர் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு புத்தகத்தைப் பூச்சிக்குக் கொடுக்கலாகாது.

தமிழ் வாசகருக்கு சூப்பர்ஹீரோவும் அறிவியல் புனைகதையும் வேறுவேறாக வரவில்லை. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் வெளியீடாகக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியே ஆய்வுக்கூட விபத்தில் பிறந்தவன்தான். அதன் ஆங்கில மூலத்தின் தொடக்கக் கதைகளை எழுதிய கென் புல்மர் அறிவியல் புனைகதை நாவலாசிரியர். அந்த ருசி உள்ளவர்கள் படத்தையும் சீரியலையும் ஒட்டி எழுதப்படும் டை-இன் நாவல்களையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம்.

ஸ்டார் வார்ஸில் 'லைட் ஆஃப் த ஜெடாய்', சார்லஸ் சோல், 2021. படங்களுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு முன்னால் நடப்பதால் படம் பார்க்காதவருக்கும் தடையில்லை. ஒளியை மிஞ்சும் பாதையில் போகும் கப்பல் ஒன்று சிதறி, அதன் துண்டுகள் ஒரு சூரியக் குடும்பத்தை நோக்கிப் பாய்கின்றன. மோதலுக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று எண்ணிக்கொண்டே அத்தியாயங்கள் ஓடுகின்றன. இந்த முதல் பகுதி ஒன்றுக்காகவே வாங்கலாம். பிற்பகுதியில் பாத்திரங்கள் பெருகி ஓட்டம் தளர்கிறது. தொடர்ச்சி வயதுவந்தோர் நாவல், இளையோர் நாவல், சிறுவர் நாவல், காமிக்ஸ் என்று சிதறிக் கிடந்து 2025-இல்தான் முடிந்தது. எல்லாவற்றையும் துரத்த வேண்டாம்.

ஸ்டார் வார்ஸிலேயே, த்ரான் என்ற தளபதியைப் பற்றித் திமதி சான் எழுதிய நாவல்களை ஆர்டர் செய்யும்போது பெயர் குழப்பும். 1991-இல் தொடங்கிய மூன்று நாவல்கள் ஒரு வரிசை. 2014-க்குப் பிறகு அவை, அதிகாரபூர்வக் கதையில் சேராதவை என்ற பொருளில், 'லெஜெண்ட்ஸ்' என்ற பட்டையோடு வருகின்றன. 2017-இல் வெறும் 'த்ரான்' என்ற பெயரில் தொடங்கியது வேறு. 2020, 2021-இல் வந்த 'அசென்டன்சி' மூன்றும் வேறு. முதல் வரிசை மூன்றே புத்தகத்தில் முடிகிறது, அதுவே சிறப்பு. எதிரியின் ஓவியத்தையும் சிற்பத்தையும் பார்த்து அவன் போர்முறையைக் கணிக்கும் தளபதி வேறெங்கும் இவ்வளவு நன்றாக அமையவில்லை.

அலெக்சாண்டர் ஃப்ரீடின் 'மாஸ்க் ஆஃப் ஃபியர்' 2025-இல் வந்தது. பேரரசு உருவான புதிதில் செனட்டில் சட்டம் போட்டு அதன் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தப் பார்க்கும் மான் மாத்மா என்ற செனட்டரின் பகுதிகள் அருமை. மூன்று பாகங்களில் இது முதலாவது, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எழுத்தாளர்.

ஸ்டார் ட்ரெக்கில் 2021-இல் மூவர் மூன்று நாவலாக எழுதிய 'கோடா' வரிசையை யாரும் முதலில் எடுக்காதீர்கள். 2001-இலிருந்து இருபது ஆண்டு வளர்ந்த நாவல் உலகத்துக்கு முடிவுரை அது. அந்தப் பாத்திரங்களோடு பழகாதவருக்கு ஒரு சாவும் உறைக்காது. அதற்குப் பதில் உனா மெக்கார்மக் 2020-இல் எழுதிய 'த லாஸ்ட் பெஸ்ட் ஹோப்' எடுங்கள். சூரியன் வெடிக்கப் போகிறது, கோடிக்கணக்கானவர்களை வெளியேற்ற வேண்டும், கப்பல் போதவில்லை. கப்பல் கட்ட ஆள் போதவில்லை, ஆளுக்குப் பதில் செயற்கை மனிதர்கள். அதற்காகத் தன் ஆராய்ச்சியைப் பறிகொடுக்கும் விஞ்ஞானிக்கு மனக்கசப்பு. சண்டைக்காட்சி குறைவு, கூட்டமும் கோப்பும் பேரமும்தான் அதிகம். ஒரு நல்ல காரியம் எந்தெந்த இடத்தில் எப்படிக் கசிந்து கெடுகிறது என்று படிப்படியாகக் காட்டுகிறது. இது 'பிக்கார்ட்' என்ற ஸ்டார் ட்ரெக் சீரியலின் முன்கதை. அந்தச் சீரியலைப் பார்க்காதவர் அதற்கு முன்னால் இதைப் படித்தாலும் ஒன்றும் குறையாது. ஒரே புத்தகம், கதை அதிலேயே முடிகிறது.