பழைய டீசல் பிக்கப்பின் முதுகில் ஒரு வீடு: எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்

பிக்கப்பின் பின்தொட்டியில் ஒரு சின்ன வீட்டை உட்கார வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சுற்றுகிறவர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர். டிரக் கேம்பர் என்பார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். வேண்டாத நாளில் நான்கு ஜாக்கிக் கால்களில் வீட்டை நிற்க வைத்துவிட்டு வண்டியை மட்டும் உருவிக்கொண்டு போகலாம். புது டீசல் டிரக்கின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் இருபது, இருபத்தைந்து வயதான டீசலை வாங்கித் தேற்றிக்கொள்ளலாமே என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. என்னிடம் இருப்பது 2001 டாட்ஜ் ராம் 2500. கம்மின்ஸ் 5.9 லிட்டர், 24 வால்வு, ஐந்து கியர்.

வாங்கிய கையோடு எஞ்சின் சக்தியைக் கூட்டும் சில்லுகளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு அசட்டுத்தனம் என்பது நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் எடைமேடை ஏறிய அன்று விளங்கியது. கெட்டிச் சுவர் கேம்பர், நிரம்பிய தண்ணீர், இரண்டு பேர், அரிசி மூட்டை, கிரைண்டர் எல்லாம் சேர்ந்து 4,520 கிலோ. வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை 8,800 பவுண்டு, அதாவது சுமார் 3,990 கிலோ. பின் அச்சில் மட்டும் 2,850 கிலோ. பின்னால் இருந்த இரண்டு 245/75ஆர்16 டயர்களும் சேர்ந்து தாங்கக்கூடியதே 2,760 கிலோதான். அந்த நிலையில் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ஓட்டி வந்திருந்தேன்.

ஆகவே இந்த அலசல் முழுக்க எடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியது.

எந்த எஞ்சின்

பழைய டீசல் என்றால் மூன்று வீட்டுப் பிள்ளைகள்தான்: டாட்ஜில் கம்மின்ஸ், ஃபோர்டில் பவர் ஸ்ட்ரோக், ஜி.எம்.மில் டியூராமேக்ஸ்.

கம்மின்ஸ் பி வரிசை நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் ஆலை டாடா லாரிகளுக்காகச் செய்தது இதே 5.9 குடும்பம்தான். டாட்ஜில் 1989இல் வந்தது. 1994 முதல் 1998 நடுப்பகுதி வரையான 12 வால்வு வண்டிகளில் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்ச பாஷ் பி7100 பம்ப் இருக்கும். முழுக்க இயந்திர வேலை. டீசல் வரத்தை நிறுத்தும் சோலனாய்டைத் தவிர, ஓடுவதற்கு மின்சாரமே தேவையில்லை என்று சொல்லலாம். டேங்க் காலியாகிக் காற்று புகுந்துவிட்டால் டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் லிஃப்ட் பம்ப்பில் உள்ள பொத்தானைக் கையால் அமுக்கியே ஏர் எடுத்துவிடலாம். நம்மூர் லாரி மெக்கானிக்கை அழைத்து வந்து முன்னால் நிறுத்தினால் பானெட்டைத் திறந்து பார்த்து, "அட, இதுவா" என்பார். இதற்குள்ள பெரிய ஆபத்து விரல் நீளம்கூட இல்லாத ஓர் எஃகு ஊசி. டைமிங் கியர் உறைக்குள் இருக்கும் அந்த டவல் பின் அதிர்வில் மெல்ல நழுவிப் பற்சக்கரங்களுக்கு நடுவே விழுந்தால் எஞ்சின் முன்பக்கமே நாசம். அதை மறித்துப் பிடிக்கும் தகடு சில்லறைக் காசுதான், உழைப்புக்கு ஒரு நாள் போகும். பழைய கம்மின்ஸ் வாங்கினால் முதல் சனிக்கிழமை இந்த வேலையைச் செய்துவிடுங்கள்.

1998 நடுப்பகுதியிலிருந்து 2002 வரை 24 வால்வு, விபி44 பம்ப். சக்தி கூடுதல், சத்தமும் புகையும் குறைவு. ஆனால் அந்தப் பம்ப் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதும் உயவிக்கொள்வதும் தனக்குள் ஓடும் டீசலால்தான். எஞ்சின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் மின்சார லிஃப்ட் பம்ப் சோர்ந்துபோனால், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்போதே விபி44 உள்ளே செத்துக்கொண்டிருக்கும். மாற்ற ஆயிரம் டாலருக்கு மேல். நான் செய்தது: லிஃப்ட் பம்ப்பை டேங்க் அருகே சட்டத்துக்குக் கொண்டுபோனேன், டாஷ்போர்டில் டீசல் அழுத்த மீட்டர் ஒன்று வைத்தேன். முள் 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கினால் ஓரங்கட்டிவிட வேண்டும். இன்னொன்று, 1999-2001 வண்டிகள் சிலவற்றில் எஞ்சின் பிளாக்கின் பக்கத்தில் 53 என்ற எண் வார்த்திருக்கும். அவற்றில் தண்ணீர்ச் சுவர் விரிசல் விடுவது பேர்பெற்ற வியாதி. வாங்குமுன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஃபோர்டின் 7.3 லிட்டர் வி8 1994 நடுவிலிருந்து 2003 தொடக்கம் வரை வந்தது. எஞ்சின் ஆயிலை உயர் அழுத்தத்துக்கு ஏற்றி, அந்த ஆயிலைக் கொண்டு டீசலைப் பீய்ச்சும் முறை. அதனால் ஆயில் மாற்றும்போது 14 லிட்டர் ஊற்ற வேண்டும், அதுவும் தள்ளிப்போடாமல். நடுரோட்டில் பொசுக்கென்று நின்றுவிட்டால் பெரும்பாலும் கேம் சென்சார்தான் காரணம். உதிரி சென்சார் ஒன்றும் பத்து எம்.எம். சாக்கெட் ஒன்றும் டாஷ்போர்டுப் பெட்டியில் கிடக்காத 7.3 வண்டியை நான் இன்னும் பார்க்கவில்லை. வண்டியாக எடுத்துக்கொண்டால் 1999க்குப் பிந்தைய ஃபோர்டு சூப்பர் டியூட்டி பிக்கப் அதே வயது டாட்ஜைவிட ஒரு படி மேல். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், உறுதியான அச்சுகள். டாட்ஜ் அந்த நாட்களில் பெரும்பாலும் பின்னால் டிரம் பிரேக்தான் கொடுத்தது. டாஷ்போர்டு பிளாஸ்டிக்கோ வெயிலில் அப்பளம் மாதிரி நொறுங்கும். எஞ்சினுக்காக டாட்ஜை வாங்குகிறோம், மற்றதை எல்லாம் சகித்துக்கொள்கிறோம்.

அடுத்து வந்த ஃபோர்டு 6.0 வேண்டாம். சரியாகச் செப்பனிட்டால் நல்ல எஞ்சின் என்று வாதாடுபவர்கள் உண்டு. அந்தச் செப்பனிடும் காசில் வேறு வண்டியே வாங்கலாம்.

டியூராமேக்ஸில் 2001-2004 எல்பி7 ரகத்துக்கு டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் பிரச்சினை. அவை வால்வு கவருக்கு அடியில் ஒளிந்திருப்பதால் கூலி எகிறும். 2006-07 எல்பிஇசட் அருமையான எஞ்சின், கூடவே ஆலிசன் 1000 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அமெரிக்கா, கனடாவுக்குள் மட்டும் சுற்றுகிறவர் என்னிடம் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். மனைவி, கணவன் இருவரும் மாறி மாறி ஓட்டுவதானால் இன்னும் நல்லது.

தெற்கே போகும் ஆசை இருந்தால் கதை வேறு. 2007க்குப் பிந்தைய டீசல்களின் புகைவடிகட்டிக்கு 15 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 15 பங்குக்கு) மேல் கந்தகம் இல்லாத டீசல் வேண்டும். அமெரிக்காவில் 2006இலிருந்து அது வந்துவிட்டது. தென்னமெரிக்காவின் உள்நாட்டுச் சாலைகளில் எல்லா டீசல் பங்க்கிலும் அது கிடைக்கும் என்று நம்பிக் கிளம்ப முடியாது. வடிகட்டியைக் கழற்றிவிட்டுப் போகலாமே என்பார்கள், அமெரிக்காவில் அது சட்டவிரோதம். 12 வால்வுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பொலிவியாவில் 3,650 மீட்டர் உயரத்து உயுனி உப்புப் பாலைவனத்தில் காற்று மெலிந்து கரும்புகை கக்கும், அவ்வளவுதான். கலிபோர்னியாக்காரர்களுக்கு ஒரு கொசுறு: அங்கே 1997 வரையான டீசல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை கிடையாது, 1998இலிருந்து உண்டு. அந்த ஒரு வருட வித்தியாசத்துக்காகவே 97 வண்டிகளின் விலை ஏறி நிற்கிறது.

வீடு: கெட்டிச் சுவரா, மடக்குக் கூரையா

டிரக்கை மாற்றுவதா, கேம்பரை மாற்றுவதா என்று யாரும் முதலில் கேட்டுக்கொள்வதில்லை. நான் கேம்பரை மாற்றினேன். கலிபோர்னியாவின் ஃபோர் வீல் கேம்பர்ஸ் போன்றவர்கள் செய்யும் அலுமினியச் சட்ட மடக்குக் கூரை வகை, சாமான்களோடு எனக்கு 950 கிலோவுக்குள் அடங்கியது. வண்டியின் மொத்த எடை வரம்புக்குள் வந்துவிட்டது. லிட்டருக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் கொடுத்த வண்டி ஏழு கொடுக்கிறது.

நஷ்டமும் உண்டு. துணிச் சுவரில் குளிர் ஊசியாய் இறங்கும். காற்றடிக்கும் இரவில் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், தூக்கம் போச்சு. யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கரடி நடமாட்டத்தால் கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டுமே இடம். வருடம் முழுக்க அதிலேயே வாழப்போகிறவர், குளிர்காலத்திலும் வடக்கே இருப்பவர் என்றால் கெட்டிச் சுவரே சரி. கனடாவின் கெலோனாவில் செய்யும் நார்தர்ன் லைட் மாதிரி ஃபைபர் கிளாஸ் ஓடுகளுக்குக் கூரை ஒழுகும் பயமும் குறைவு. ஆனால் அப்போது 2500ஐத் தேற்றிக்கொண்டிருக்காதீர்கள். விற்றுவிட்டு, பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள டாட்ஜ் 3500 அல்லது ஃபோர்டு எஃப்-350 வாங்குங்கள். அதன் வரம்பு 10,500 முதல் 11,200 பவுண்டு வரை, ஏறக்குறைய 5 டன். பாஹா கலிபோர்னியாவின் முதலாம் எண் நெடுஞ்சாலையில் ஓரமே இல்லாத குறுகிய சாலையில் எதிரே லாரி வரும்போது அந்த அகலம் வயிற்றைக் கலக்கும் என்பது மட்டும்தான் குறை.

ஸ்பிரிங்கும் டயரும்

ஒரு விஷயத்தை உரக்கச் சொல்லிவிடுகிறேன்: காற்றுப்பை, கூடுதல் பட்டை, தடித்த சக்கரம் என்று எதைப் போட்டாலும் வண்டியின் அனுமதி எடை ஒரு கிலோகூட ஏறாது. அச்சு, பிரேக், சட்டம் எல்லாம் பழையவைதானே. இவையெல்லாம் வரம்புக்குள் இருக்கும் பாரத்தை ஒழுங்காகச் சுமக்க உதவும், அவ்வளவே.

எல்லோரும் முதலில் ஓடுவது காற்றுப்பைக்கு. மலிவு, பம்ப் அடித்தால் பின்பக்கம் நிமிர்ந்துவிடும், இடமும் வலமும் தனித்தனிக் குழாய் போட்டால் ஒருபக்கச் சாய்வையும் சரிசெய்யலாம். ஆனால் வளைவில் வீடு ஆடும் ஆட்டத்தை அது பெரிதாக அடக்காது. கரடுமுரடான பாதையில் குழாய் உரசிக் கிழியும் அபாயமும் உண்டு. லீஃப் ஸ்பிரிங் கட்டில் ஏற்கெனவே இருக்கும் மேல்பட்டை, பாரம் நன்றாக அழுந்திய பிறகுதான் தொட்டு வேலை செய்யும். அதை முன்னதாகவே தொட வைக்கும் ஸ்டேபிள்லோடு வகைக் கட்டைகளும், பின்னால் ஒரு தடித்த ஆட்டத்தடுப்புக் கம்பியும் போட்டாலே பாதி வியாதி தீரும். என் வரிசை அதுதான். மிச்சமிருக்கும் ஓரிரு அங்குலத்துக்கு வேண்டுமானால் காற்றுப்பை. வீட்டை இறக்கவே போவதில்லை என்றால் பட்டைக் கட்டையே பாரத்துக்கேற்பப் புதிதாகச் செய்து போடுவது இவை எல்லாவற்றையும்விட நல்லது.

டயரில் 245 அளவிலிருந்து 265/75ஆர்16 ஈ ரகத்துக்குப் (ஈ, ஜி என்பவை பாரம் தாங்கும் தரத்தைக் குறிக்கும் எழுத்துகள்) போனாலே ஒன்றுக்கு 1,380 கிலோ என்பது 1,549 ஆகிவிடும், 80 பி.எஸ்.ஐ. காற்றில். மடக்குக் கூரைக்கு இது தாராளம். சக்கர வளையத்துக்கும் தாங்குதிறன் உண்டு, அதன் உட்புறத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். 19.5 அங்குல லாரிச் சக்கரத்துக்கு மாறுகிறவர்களும் உண்டு. 225/70ஆர்19.5 ஜி ரகம் ஒன்றுக்கு சுமார் 1,800 கிலோ தாங்கும், தேயவே தேயாது. விலை, எடை, வெறும் வண்டியில் குலுக்கல் மூன்றும் அதிகம். மணலில் காற்றை இறக்கி ஓட்டும் வித்தையும் அதில் சரிவராது. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்க வேண்டும் என்பதைக் கணக்குப் போடும்போது மறந்துவிடாதீர்கள்.

ஏறுவதா, இறங்குவதா

கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கம் 3,400 மீட்டர் உயரம். அதற்கு ஏறும்போது லாரிகளோடு லாரியாக வலது ஓரத்தில் ஊர்ந்தால் போதும், யாரும் திட்டப்போவதில்லை. அந்தப் பக்கம் சில்வர்த்தோர்னுக்கு இறங்கும் 7 சதவீதச் சரிவில்தான் டிரம் பிரேக் சூடேறி மிதி மெத்தென்று ஆகும். இந்த டீசல்களில் தானாக எஞ்சின் பிடிப்பு ரொம்பக் குறைவு. எனவே சில்லுக்கான காசை, புகைக்குழாயை மறித்து எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கில் போடுங்கள். 12 வால்வில் முழுத் திறனோடு வேலை செய்ய வலுவான எக்ஸாஸ்ட் வால்வு ஸ்பிரிங் போட வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் லாக் ஆகும்படி செய்யாவிட்டால் பிரேக் சும்மா ஊளையிடும். பின் டிரம்மில் ஜி.எம். ஒரு டன் வண்டியின் பெரிய வீல் சிலிண்டரை மாற்றிப் போடுவது டாட்ஜ்காரர்களின் பழைய கைவைத்தியம். செலவு குறைவு, வித்தியாசம் காலில் தெரியும்.

சில்லு போட்டே தீருவேன் என்பவர்கள் எக்ஸாஸ்ட் வெப்ப மீட்டர் வைத்து, நீண்ட ஏற்றத்தில் 680 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கியர்பாக்ஸைப் பொறுத்தவரை டாட்ஜில் மேனுவல்தான். என்வி4500 என்ற அந்த ஐந்து கியர் பெட்டியில் ஐந்தாம் கியர் நட்டு கழலும் வழக்கம் உண்டு. பாரத்தோடு குறைந்த ஆர்.பி.எம்.மில் ஐந்தாம் கியரில் இழுக்காமல் நான்குக்கு இறங்கிவிட்டால் நெடுநாள் வரும். அதே வண்டியின் 47ஆர்இ ஆட்டோமேட்டிக்கை இந்தப் பாரத்துக்கு நம்புவதானால் உள்ளே பிரித்துப் புதுப்பிக்க ஆயிரக்கணக்கில் ஒதுக்கி வையுங்கள். ஃபோர்டு ஆட்டோமேட்டிக் அவ்வளவு மோசமில்லை. 6.0 வண்டியின் பெரிய கியர்பாக்ஸ் ஆயில் கூலரை மட்டும் அதில் மாட்டிக்கொள்கிறார்கள். நான் வேண்டாம் என்ற 6.0இலிருந்து எடுக்கத் தகுந்த ஒரே சாமான் அதுவாகத்தான் இருக்கும்.

பேட்டரி

வண்டியிலிருந்து கேம்பருக்கு வரும் டிரெய்லர் ஒயர் மெலிசு, பின்பக்கம் போய்ச் சேர்வதற்குள் வோல்ட் விழுந்துவிடும். ஏ.ஜி.எம். எனும் மூடிய ஈய-அமில பேட்டரியானால் தடித்த ஒயரும், வண்டி பேட்டரியையும் வீட்டு பேட்டரியையும் பிரித்து வைக்கும் ஒரு ஐசொலேட்டரும் போதும், பழைய ஆல்டர்னேட்டரோடு சண்டையில்லாமல் போகும். லித்தியம் அப்படியல்ல. கிடைக்கும் ஆம்பியர் எல்லாவற்றையும் உறிஞ்சும், வண்டியை நிறுத்தி எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் ஆல்டர்னேட்டர் கருகும். நடுவே மின்னோட்டத்தை அளவோடு விடும் டி.சி.-டி.சி. சார்ஜர் கட்டாயம், செலவு அங்கே ஏறுகிறது. ஆனாலும் நான் லித்தியத்துக்கே போனேன். 100 ஆம்பியர் ஏ.ஜி.எம். பேட்டரி 30 கிலோ, அதில் பாதிக் கொள்ளளவைத்தான் பயப்படாமல் எடுக்கலாம். லித்தியம் 12 கிலோ சொச்சம், ஏறக்குறைய முழுவதையும் எடுக்கலாம். உறைபனிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது என்பதால் பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இரண்டு ஏ.ஜி.எம்.மை இறக்கி இரண்டு லித்தியம் ஏற்றியதில் மிச்சமான எடையில், எடைமேடை ஏறிய பிறகு வீட்டில் இறக்கி வைத்த கிரைண்டரைத் திரும்ப ஏற்றிவிட்டோம். இன்வெர்ட்டரில் ஓடுகிறது. மாவு ஆட்டும்போது மட்டும் மடக்குக் கூரை லேசாக அதிரும்.