மாணவர் குழுவுக்கு ஜிரா: இலவசத் திட்டம் 13 வாரம் தாங்குமா?

சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். தொலைபேசியில் வரும் ஆர்டரை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, மாலையில் வேனில் ஏற்றி அனுப்புகிறார்கள். அந்த நோட்டைச் செயலியாக மாற்றித் தரத் தகவல் முறைமை படிக்கும் ஐந்து மாணவர்கள் முன்வருகிறார்கள். பாடத்தின் பெயர் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். சாரம் ஒன்றுதான்: நிஜமான கடைக்காரர், 13 வாரம், மதிப்பெண். முதல் கூட்டம் முடிவதற்குள் யாராவது ஒருவர் மடிக்கணினியைத் திறந்து, குழு வேலைகளைப் பட்டியலிட்டுக் கண்காணிக்கும் ஜிராவில் கணக்குத் தொடங்கிவிடுவார்.

அட்லாசியன் நிறுவனத்தின் இந்தக் கருவிக்கு, மாணவர் குழு என்ற ஒரே கோணத்தில் பார்த்தால், 5-க்கு 3.5 கொடுக்கலாம். மூன்றோடு நிறுத்தியிருக்கலாம். கூடுதல் அரைக்குக் காரணம், நடுவில் புகுந்த வேலையை அது மறைக்க விடுவதில்லை. மாணவர் புரொஜெக்டுகள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

இலவசத் திட்டத்தில் 10 பேர் வரை சேரலாம், 2 ஜிபி சேமிப்பிடம் உண்டு. ஐந்தாறு பேர் குழுவுக்கு இது தாராளம். ஸ்பிரிண்ட் (ஒரு தொகுதி வேலையை முடிக்கும் குறுகிய தவணை), பேக்லாக் (காத்திருக்கும் வேலைகளின் பட்டியல்), பர்ன்டவுன் வரைபடம் (மிச்ச வேலை நாளுக்கு நாள் குறைவதைக் காட்டும் கோடு) எல்லாம் காசு கொடுக்காமலே கிடைக்கும். கிடைக்காததில் முக்கியமானது அனுமதிக் கட்டுப்பாடு. யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்று பிரித்து வைக்க இலவசத் திட்டம் இடம் தராது. இதனால் வரும் வினையைக் கீழே பார்ப்போம்.

அமைக்கும்போது, ஸ்பிரிண்டுகளாகப் பிரித்து வேலை செய்யும் ஸ்க்ரம் வார்ப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலையைத் தவணையின்றித் தொடர்ந்து ஓடவிடும் கன்பான் வார்ப்பில் ஸ்பிரிண்ட் இயல்பாக வராது. அடுத்து, குழு நிர்வகிக்கும் வகையா, நிறுவனம் நிர்வகிக்கும் வகையா என்று கேட்கும். மாணவர்களுக்கு முதலாவதே போதும். ஜிராவில் ஒவ்வொரு வேலைக்கும் உள்ள அட்டைதான் டிக்கெட். இரண்டாவதில் பக் (நிரல் பிழை) டிக்கெட்டுக்கு ஸ்டோரி பாயிண்ட் (வேலையின் அளவுக்குக் குழு தரும் எண்) புலம் இயல்பாகக் கிடையாது. பக் திருத்திய உழைப்பு பாயிண்ட் கணக்கில் ஏறாமல் போய்விடும். வேலையளவு மதிப்பீட்டு வசதி இயங்குகிறதா, நேர மண்டலம் சிங்கப்பூரா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். புரொஜெக்ட் குறியீடு மூன்று எழுத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கமிட்டிலும் (நிரல் மாற்றத்தைச் சேமிக்கும் பதிவிலும்) அதைத் தட்டச்சு செய்யப்போவது நீங்கள்தான். பலகையில் நான்கு பத்திகள்: செய்ய வேண்டியது, நடப்பது, சரிபார்ப்பு, முடிந்தது. சரிபார்ப்புப் பத்தி இல்லாத குழுவில் எழுதியவரே முடிந்தது என்று அறிவித்துவிடுவார், 12-ஆம் வாரத்தில்தான் குட்டு உடையும். நிரலைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தின் இணைப்பையும் முதல் வாரமே போட்டுவிட்டால், கமிட் செய்தியில் டிக்கெட் எண்ணை எழுதியதும் அந்த டிக்கெட்டிலேயே நிரல் மாற்றம் தெரியும். சக மதிப்பீட்டு நேரத்தில் யார் எதைச் செய்தார் என்ற வாக்குவாதம் பாதியாகக் குறைய இது ஒன்றே போதும்.

13 வாரத்தைப் பிரிக்கும் விதத்திலும் பலர் சறுக்குகிறார்கள். முதல் இரண்டு வாரம் கடைக்காரரோடு பேசி எல்லையை வரையறுக்க. 3 முதல் 12 வரை இரண்டு வார ஸ்பிரிண்ட் ஐந்து. 13-ஆம் வாரம் செய்ததை விளக்கிக் காட்ட மட்டும். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 6-ஆம் வாரத்துக்குப் பிறகு வரும் இடைவேளை வாரம் இந்த எண்ணிக்கையில் சேராது. அதை வேலை வாரமாக எண்ணித் திட்டம் போடும் குழுவுக்கு அந்த வாரம் ஒரு டிக்கெட்கூட நகராது, ஏனென்றால் பாதிப் பேர் மற்றப் பாடங்களின் கட்டுரையில் மூழ்கியிருப்பார்கள்.

எவ்வளவு வேலை எடுக்கலாம்? அதே பல்கலைக்கழகக் கணக்கில் 1 யூனிட் என்பது வாரம் 2.5 மணி நேரம். ஆகவே 4 யூனிட் பாடத்துக்கு ஆளுக்கு வாரம் 10 மணி. ஐந்து பேர், இரண்டு வாரம் என்றால் 100 மணி. வகுப்பு, கூட்டம், அறிக்கை, கடைக்காரரைப் பார்க்கப் போய்வரும் எம்ஆர்டி ரயில் நேரம் எல்லாம் கழிந்தால் நிரல் எழுதவும் சோதிக்கவும் 50 மணி மிஞ்சினால் பெரிது. ஜிரா இந்தக் கணக்கைப் போட்டுத் தராது. 100 மணி வேலையை ஸ்பிரிண்டில் திணித்தாலும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும்.

மதிப்பீடு பொய்க்கும் விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: 'ரசீதைத் தமிழில் அச்சிட வேண்டும்' என்ற டிக்கெட். எல்லோரும் 2 பாயிண்ட் என்பார்கள். ஆனால் கடைகளில் இருக்கும் சாதாரண வெப்ப அச்சுப்பொறியின் உள் எழுத்துருவில் பொதுவாகத் தமிழ் இருக்காது. எழுத்தை அனுப்பினால் கேள்விக்குறிகளும் குப்பையும் வரும். ரசீதைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். 80 மில்லிமீட்டர் காகிதச் சுருளுக்கு வழக்கமாக 576 புள்ளி அகலம், 58 மில்லிமீட்டருக்கு 384. கொம்பும் சுழியும் சரியான இடத்தில் விழுகின்றனவா என்று தமிழ் தெரிந்தவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இப்போது அது 8 பாயிண்ட் வேலை. இப்படிப்பட்ட டிக்கெட்டுக்கு முன்னால், அரை நாளில் முடியும் ஆய்வு டிக்கெட் ஒன்றைப் போட்டு அந்த அச்சுப்பொறியிலேயே ஒரு வரி அச்சிட்டுப் பார்ப்பதுதான் மலிவான வழி.

டிக்கெட்டில் ஏற்பு நிபந்தனை (வேலை முடிந்ததாக ஏற்க என்னென்ன இருக்க வேண்டும் என்பது) எழுதும் பழக்கமும் இங்கேதான் கைகொடுக்கும். 'ஜிஎஸ்டி கணக்கிட வேண்டும்' என்பது நிபந்தனையே இல்லை. '2024 ஜனவரி 1 முதல் 9%. விகிதத்தை நிரலுக்குள் புதைக்காமல் அமைப்புப் பக்கத்தில் மாற்ற முடிய வேண்டும். கடை ஜிஎஸ்டி பதிவு பெறாதது என்றால் ரசீதில் ஜிஎஸ்டி என்ற வரிசையே வரக்கூடாது' என்பதுதான் நிபந்தனை. கடைசி வாக்கியத்தைப் பல குழுக்கள் விட்டுவிடுகின்றன. ஆண்டு விற்றுமுதல் ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டாத சிறு கடை பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. பதிவில்லாத கடை ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது.

இனி அந்த அரை மதிப்பெண் சமாசாரம். 5-ஆம் வாரம் கடைக்காரர் அழைக்கிறார்: "தம்பி, அப்படியே பேநவ் க்யூஆரும் போட்டுடுங்க, சின்ன வேலைதானே?" பேநவ் என்பது கைப்பேசிவழிப் பணம் செலுத்தும் வசதி. பெரியவர் கேட்கிறார், மறுக்கத் தயக்கம். ஒருவர் சரிங்க அங்கிள் என்று சொல்லிவிடுவார். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பிரிண்டில் அந்த டிக்கெட்டைச் சேர்க்கும்போது, ஸ்பிரிண்டின் அளவு மாறப்போகிறது என்று ஜிரா எச்சரிக்கும். சேர்த்த நாளில் பர்ன்டவுன் கோடு மேலே எகிறும். ஸ்பிரிண்ட் முடிவில் அந்த வரைபடத்தைக் கடைக்காரர் முன் வைத்து, "இந்த இடத்துல க்யூஆர் உள்ளே வந்துச்சு அங்கிள், அதனால டெலிவரி பட்டியல் அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளிப்போகுது, எது முதல்ல வேணும்?" என்று கேட்கலாம். வணிகம் தெரிந்தவருக்கு அந்தக் கேள்வி உடனே புரியும். விரிவுரையில் எல்லை மாற்றக் கட்டுப்பாடு என்று மூன்று ஸ்லைடு ஓட்டுவதைவிட இந்த ஒரு கோடு நன்றாகக் கற்றுக்கொடுக்கிறது.

ஒரு பொறி உண்டு. மதிப்பீடு போடாத டிக்கெட்டை ஸ்டோரி பாயிண்ட் கணக்கு பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும். அவசரத்தில் சேர்த்த க்யூஆர் டிக்கெட்டுக்கு எண் கொடுக்கவில்லை என்றால் கோடு அசையவே அசையாது. நடுவில் சத்தமில்லாமல் புகுந்த வேலை மறைந்தே இருக்கும். அறிக்கையை டிக்கெட் எண்ணிக்கைக்கு மாற்றிப் பார்த்தால் அகப்படும்.

கோடு இன்னொரு வகையிலும் பொய் சொல்லும். பலகையின் வலக்கோடிப் பத்திக்கு வந்தால்தான் ஜிரா அதை முடிந்ததாகக் கருதும். ஆலோசகரைப் பார்க்கும் நாளன்று காலையில் எல்லா அட்டைகளையும் ஒரே மூச்சில் இழுத்துவிடும் குழுவின் வரைபடம், பதின்மூன்று நாள் மேசைபோல் தட்டையாக இருந்துவிட்டு கடைசி நாளில் பாறைபோல் விழும். அனுபவமுள்ள ஆசிரியர் அந்த வடிவத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார். முடித்த அன்றே நகர்த்துவது, ஒரு டிக்கெட் இரண்டு நாள் வேலைக்கு மேல் போகாமல் உடைப்பது, இந்த இரண்டும் இல்லாவிட்டால் வரைபடத்தை அறிக்கையில் ஒட்டாமல் இருப்பதே மரியாதை.

பக்குகளின் தீவிரத்தைக் கணக்கிடத் தயாரான வசதி இல்லை. நாமே செய்துகொள்ள வேண்டும். சிறு குறைக்கு 1, பயன்பாட்டைத் தடுப்பதற்கு 5, செயலியையே முடக்குவதற்கு 10 என்று எண் புலம் ஒன்றைச் சேர்த்து, திறந்திருக்கும் பக்குகளின் கூட்டுத்தொகை 10-ஐத் தொட்டால் புதிய வேலையை நிறுத்தித் திருத்துவது என்று முடிவு செய்யலாம். கூட்டுத்தொகையைச் சிஎஸ்வி (விரிதாளில் திறக்கக்கூடிய எளிய உரை) கோப்பாக இறக்கி விரிதாளில் பார்ப்பது எளிது. டிக்கெட்டுகள் தமிழில் இருந்தால் அந்தக் கோப்பை எக்செலில் இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள், எழுத்து சிதையலாம். எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று சொல்லி இறக்குமதி செய்யவும், அல்லது கூகல் ஷீட்ஸில் திறக்கவும். ஜிராவின் இடைமுகம் தமிழில் இல்லை, ஆனால் டிக்கெட் தலைப்பும் விளக்கமும் தமிழில் தாராளமாக எழுதலாம். கடைக்காரர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே பதிவது பின்னால் பல சண்டைகளைத் தவிர்க்கும்.

அனுமதி விஷயத்துக்கு வருவோம். 10 பேர் இடம் இருக்கிறதே என்று கடைக்காரரையும் உள்ளே சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் அவரும் குழுவுக்குச் சமம்: அட்டையை இழுக்கலாம், ஸ்பிரிண்டில் வேலை சேர்க்கலாம், 'அங்கிள் மூன்றாம் முறையாக மனம் மாறிவிட்டார்' என்று யாரோ எழுதிய குறிப்பையும் படிக்கலாம். அவருக்குக் கணக்குக் கொடுக்காமல் வாரம் ஒரு பக்கம் பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் அனுப்புவது நல்லது. அவர் எப்படியும் அதைத்தான் பார்ப்பார்.

இதைவிடப் பெரிய ஆபத்து, டிக்கெட்டில் இணைக்கும் கோப்புகள். சோதனைக்காகக் கடைக்காரர் கொடுத்த வாடிக்கையாளர் பட்டியலை அப்படியே டிக்கெட்டில் ஏற்றிவிடுவார்கள். பெயர், கைப்பேசி எண், புளோக் எண் எல்லாம் அதில் இருக்கும். 2012-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தத் தரவுக்குப் பொறுப்பு கடைக்கு உண்டு. சிக்கல் வந்தால் உதவி செய்யப் போனவர்களால் அவருக்குத் தலைவலி. போலித் தரவு 50 வரிசை தயாரிக்க ஒரு மணி நேரம் போதும். பதிவுப் படிவத்தில் அடையாள அட்டை எண் புலமும் வேண்டாம். 2019 செப்டம்பர் 1 முதல் சட்டம் கேட்கும் சூழல் போன்ற சில விதிவிலக்குகள் தவிர நிறுவனங்கள் அதைச் சேகரிக்கக் கூடாது, மளிகை டெலிவரிக்கு அது தேவையும் இல்லை.

எந்தக் கருவியும் சொல்லித்தராத ஒன்று: முதல் பருவத்தில் புரொஜெக்ட் என்றால் தீபாவளி நேராகப் பயனர் சோதனை வாரத்தில் வந்து நிற்கும். 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20, இரண்டுமே 10, 11-ஆம் வாரத்தை ஒட்டி. சிராங்கூன் ரோட்டுக் கடைக்காரருக்கு அதற்கு முந்திய மூன்று வாரம் மூச்சுவிட நேரமிருக்காது. ஜிரா நாட்காட்டியில் அந்த நாளை யாரும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள். சோதனையை 8-ஆம் வாரத்துக்கு இழுத்து, அரைகுறைச் செயலியையே காட்டிவிடுவது மேல்.

தானியங்கி விதிகள் இலவசத் திட்டத்தில் மாதம் 100 முறை மட்டுமே ஓடும். துணை டிக்கெட்டுகள் முடிந்தால் தாய் டிக்கெட்டும் முடியட்டும் என்பது மாதிரி விதியை ஐந்து பேர் பயன்படுத்தினால் மாத நடுவிலேயே தீர்ந்துவிடக்கூடும். ஒரே ஒரு விதி போதும்.

மாற்று உண்டா? ட்ரெல்லோ பார்க்க இதமானது, ஆனால் ஸ்பிரிண்டும் பர்ன்டவுனும் இயல்பாக இல்லை. கிட்ஹப் புரொஜெக்ட்ஸ் நிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். முழுக்க நிரலாளர்களே உள்ள குழுவுக்கு அது போதும், வணிகப் பிரிவு மாணவர் ஒருவர் இருந்தால் அவர் அந்தப் பக்கமே வரமாட்டார். இரண்டு பேர் குழுவா, ஜிரா வேண்டாம். கூகல் ஷீட்ஸில் 20 வரிசை போதும்.

கணக்கைத் தொடங்குபவர் பல்கலைக்கழக மின்னஞ்சலைப் பயன்படுத்தாமல் குழுவுக்கென்று ஒரு ஜிமெயிலில் தொடங்கட்டும், நிர்வாகி இருவர் இருக்கட்டும். பட்டம் பெற்ற பிறகு பல்கலைக்கழக மின்னஞ்சல் மூடப்பட்டால், ஆறு மாதம் கழித்துக் கடைக்காரர் "க்யூஆர் வேலை செய்யலையே" என்று அழைக்கும்போது திறக்க ஆள் இருக்காது. 13-ஆம் வாரத்தில் டிக்கெட்டுகள் அனைத்தையும் சிஎஸ்வி கோப்பாக இறக்கி, இணைத்த கோப்புகளை நீக்கி, கடவுச்சொற்களையும் சர்வர் வாடகை யார் பெயரில் போகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கடையில் கொடுத்துவிட்டு வரவும். அந்தத் தாளுக்கும் ஒரு டிக்கெட் போடுங்கள், 2 பாயிண்ட்.