கும்மிடிப்பூண்டியில் வாங்கிய வீடு: ஒன்றரை வருடம் கழித்து

எனக்குச் சென்னை பாரிமுனையில் வேலை. எங்கள் கையிருப்புக்கு ஏற்ற வீடு தேடி முதலில் மீஞ்சூர் பக்கம் அலைந்தோம். கடல்நீர் நிலத்தடியில் ஏறிவிட்ட பகுதி அது. பார்த்த வீடுகளில் எல்லாம் போர் தண்ணீர் உப்புக் கரித்தது. அப்புறம் அதே ரயில் பாதையில் இன்னும் வடக்கே, ஆந்திர எல்லைக்குக் கிட்ட வந்துவிட்டோம்.

இங்கே முன்பணம் கொடுக்கும் முன், பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு குடம் தண்ணீர் கேட்டேன். பாதி தெலுங்கில், "தீஸ்கோம்மா, எதுக்கு?" என்றார். துவரம்பருப்பு வேகவைத்துப் பார்க்க என்றேன். அவர் அடுப்பிலேயே வைத்தோம். மூன்று விசிலில் குழைந்தது. அன்றைக்கே மனசு முடிவு செய்துவிட்டது.

இரண்டு படுக்கையறை, நல்ல காற்று, பின்னால் முருங்கைக்கு இடம். ஆனால் முதல் மழையிலேயே மேற்குச் சுவரில் ஓதம் ஏறி, பையனின் புத்தக அலமாரி பூசணம் பிடித்தது. கட்டிக் கொடுத்தவர் நான்கு மாதம் இழுத்தடித்தார். கோபம் இன்னும் தீரவில்லை. மழைக்காலத்தில் ஒருமுறை வீட்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள். சொத்தின் மேல் கடன், அடமானம் பதிவாகி இருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போடுங்கள். சொத்து மதிப்பில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள்.

சென்ட்ரலுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பெரும்பாலான மின்சார ரயில்கள் இங்கிருந்தே கிளம்புவதால் காலையில் ஜன்னலோரம் கிடைக்கிறது. மாலையில் பொன்னேரி வரை நின்றுதான் வருகிறேன்.