பல வண்ணமா, ஒரே வண்ணமா?

2020இல் இரண்டு மூத்த ஹார்டு ராக் குழுக்கள் மூன்று மாத இடைவெளியில் புதிய ஆல்பங்களை வெளியிட்டன. ஆகஸ்டில் டீப் பர்ப்பிளின் ‘வூஷ்!’, நவம்பரில் ஏசி/டிசியின் ‘பவர் அப்’. ஒன்றைத்தான் வாங்குவேன் என்பவர் எதை எடுப்பது?

‘பவர் அப்’பில் குழப்பமே இல்லை. 12 பாடல்கள், சுமார் 41 நிமிடம், கிதாரின் முதல் மீட்டலிலேயே யார் வாசிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். 2017இல் மறைந்த, குழுவின் கிதார் கலைஞர் மால்கம் யங் விட்டுச்சென்ற கிதார் மெட்டுகளிலிருந்து அவருடைய தம்பி ஆங்கஸ் கட்டியெழுப்பியது இது. அதை நினைத்துக் கேட்டால் பழைய பாணி அலுக்காது. ஆனால் ஏழாவது பாடலையும் எட்டாவதையும் பிரித்துச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

‘வூஷ்!’ வேறு மாதிரி. ‘நத்திங் அட் ஆல்’ பாடலில் ஸ்டீவ் மோர்ஸின் கிதார் ஒரு சொற்றொடரைச் சொல்ல, டான் ஏரியின் கீபோர்டு பதில் சொல்கிறது. நடுவே தேவாலய ஆர்கன் போல ஒரு முழக்கம், 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் காலத்துச் சாயலோடு. சில பாடல்கள் தள்ளி, பியானோ துள்ளும் பழைய ராக் அண்ட் ரோல். பின்னர் ஆர்கெஸ்ட்ரா. 1968இல் வந்த முதல் ஆல்பத்தின் தொடக்க இசைத்துண்டைக்கூட மறுபடி வாசித்திருக்கிறார்கள். கடைசிப் பாடல் இல்லாமலே இருந்திருக்கலாம்.

காரில் போட ‘பவர் அப்’. ஹெட்போனோடு உட்கார நேரம் இருந்தால், தயங்காமல் ‘வூஷ்!’.