மின்சாரக் காரா, சுற்றுப்பாதையா? சைக்கிள் பந்தயத்தின் புகைக் கணக்கு

தொழில்முறை சைக்கிள் பந்தயத்தில் சைக்கிளைத் தவிர மற்ற எல்லாமே புகை விடும். அணிக் கார்கள், மோட்டார் சைக்கிள்கள், டிவி ஹெலிகாப்டர், தொப்பியும் சாவிக்கொத்தும் வீசிக்கொண்டு முன்னே போகும் விளம்பர ஊர்வலம் என்று பட்டியல் நீளும். இந்தச் சூழல் சுமையைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு. குப்பை போட்டால் தண்டிப்பது, வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றுவது, ரசிகர்கள் ரயிலில் வந்து ஒரே இடத்தில் நின்று பார்க்கும்படி பாதையைச் சுற்றாக அமைப்பது. நான் மூன்றாவதன் கட்சி. ஆல்ப்ஸ் மலைக்குக் காரில் போவதை விட்டுவிட்டுப் பெல்ஜியத்துக்கு ரயில் ஏறத் தொடங்கிய பிறகு இந்த எண்ணம் இன்னும் வலுத்துவிட்டது.

குப்பை விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2021 ஏப்ரலில் பெல்ஜியத்தில் நடக்கும் ஒருநாள் பந்தயமான டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸில், ரசிகர்கள் பக்கம் தண்ணீர் பாட்டிலை எறிந்ததற்காக மைக்கேல் ஷேர் என்ற வீரர் வெளியேற்றப்பட்டார். சிறுவயதில் ஒரு வீரரின் பாட்டில் தன் கைக்குக் கிடைத்த மகிழ்ச்சியை அவர் எழுதினார். அந்த மாதமே சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ, குப்பை எறிந்தால் வெளியேற்றும் அந்த விதியைத் தளர்த்தியது. விதி தேவைதான், வீரர்கள் சாப்பிட்டுவிட்டு வயலில் எறியும் ஜெல் உறையை மாடு தின்னக் கூடாது. ஆனால் அதனால் கரியமில வாயு குறையப் போவதில்லை.

மின்சார வண்டிகளைக் குறை சொல்ல மாட்டேன். டூர் டி பிரான்ஸ் இயக்குநரின் சிவப்புக் காராக ஸ்கோடாவின் மின்சார எனியாக் ஓடியிருக்கிறது. அணிக் காரின் பாடு வேறு. கூரைமேல் வரிசையாக சைக்கிள்கள் நின்று காற்றை மறிக்க, நாள் முழுக்க மலை ஏறி இறங்கி, பந்தயம் முடிந்ததும் ஹோட்டல் இருக்கும் ஊர்வரை ஓட வேண்டும். நடுவில் நின்று சார்ஜ் ஏற்ற நேரமில்லை. அணி பஸ்களும் லாரிகளும் எப்போது மாறும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

இதையெல்லாம் மாற்றிவிட்டாலும் பெரிய பங்கு அப்படியே நிற்கும். 2021 டூர் டி பிரான்ஸுக்கு (இனி வெறும் 'டூர்') அமைப்பாளர்களே போட்ட கணக்கில் மொத்த உமிழ்வு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல்; அதில் பத்தில் ஒன்பது பங்குக்கும் அதிகமானது பார்வையாளர்களின் பயணம். டூரின் புகழ்பெற்ற மலை ஏற்றமான ஆல்ப் டியூஸில் நின்று பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. 21 கொண்டை ஊசி வளைவுகளிலும் வேன்கள் பல நாள் முன்பே இடம் பிடித்துவிடும். வீரர்கள் ஒரே ஒருமுறை கடந்து போவார்கள். பிறகு மலையிலிருந்து இறங்க, ஓடும் எஞ்சினோடு மணிக்கணக்கில் வரிசை.

ஃபிளாண்டர்ஸில் கதை வேறு. 2012-இல் முடிவிடத்தை அவுடனார்டேவுக்கு மாற்றி, குவாரமோண்ட் குன்றை மூன்று முறை ஏறும்படி பாதையைச் சுற்றிவிட்டார்கள். பசுமை எண்ணத்தால் அல்ல, குன்றின்மேல் விஐபி கூடாரம் போட்டுக் காசு பார்க்கத்தான். பழைய பாதையின் மியூர் குன்றுக்கு ரசிகர்கள் சவ ஊர்வலமே நடத்தினார்கள். ஆனாலும் பலன் நல்லது. அவுடனார்டே நிலையத்தில் இறங்கி, சைக்கிளை மிதித்துக் குன்றுக்குப் போய்விடலாம். கற்கள் பாவிய சாலையோரம் நின்றால் ஆண்கள் மூன்று முறை, பெண்கள் பந்தயம் ஒருமுறை. கூழாங்கல் ஏற்றத்தில் சங்கிலிகள் கடகடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் முதல் சுற்றில் தெம்பாகவும் மூன்றாவதில் இழுபறியாகவும் கேட்கும். கழிப்பறை வரிசையும் திரும்பும் ரயிலின் நெரிசலும் கொடுமைதான், மறைக்கவில்லை.

டூரைச் சுற்றுப்பாதையாக்கினால் அது டூராக இருக்காது என்பார்கள். உண்மைதான். சமவெளி நாட்களில் கிராமத்தார் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுப் பார்க்கிறார்கள், அவர்களுக்குப் பயணமே இல்லை. சிக்கல் மலை முடிவிடங்களிலும், பந்தயத்தை வெளிநாட்டு நகரில் தொடங்கிவைக்கும் வெளிநாட்டுத் தொடக்கங்களிலும்தான். (இத்தாலியின் ஜிரோவையும் ஸ்பெயினின் வூல்டாவையும் டிவியில் மட்டுமே பார்த்தவன் நான், அங்கே நிலவரம் மாறுபடலாம்.) மலைக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது: 2023-இல் பூய் டி டோம் எரிமலையின் கடைசி நான்கு கிலோமீட்டரில் இயற்கைப் பாதுகாப்புக்காகப் பார்வையாளர்களுக்கு அனுமதியே இல்லை. பந்தயம் அதனால் சோபை இழக்கவில்லை.

வெளிநாட்டுத் தொடக்கம் கடினம், ஏனென்றால் அழைக்கும் நகரம் அமைப்பாளருக்குப் பணம் கட்டுகிறது. மின்சாரக் காரால் கார் நிறுவனத்துக்கு விளம்பரம்; பாதையை மாற்றினால் அமைப்பாளருக்கு நஷ்டம். 2022-இல் கோபன்ஹேகனில் தொடங்கியபோது பந்தயத்தை மொத்தமாக வட பிரான்சுக்குப் பெயர்க்கவே ஒரு திங்கட்கிழமையை ஒதுக்க வேண்டியிருந்தது. மாறாக, 2026 தொடக்கத்துக்குத் தேர்ந்தெடுத்த பார்சிலோனாவுக்குப் பாரிஸிலிருந்து ஒரே ரயிலில் ஏழு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.